கடலாடி பஸ்ஸும் இறுதி ஆட்டமும்

“மாஸ்டர், அந்தப் பெரியபட்டினத்துப் பையன் தோத்துட்டான்னு சொல்லி முடிங்க” என்றார் தலைமையாசிரியர்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் நான் டிரில் மாஸ்டராகச் சேர்ந்த புதிது. பள்ளிப் பிள்ளைகளின் செஸ் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். ஓட்டமும் கபடியும் நடத்திப் பழகியவன் நான். இரண்டு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே எனக்குக் கை பரபரக்கும். எங்களிடம் செஸ் கிளாக் கிடையாது. ஒரு மூவுக்கு இவ்வளவு நேரம் என்று விதியும் போடவில்லை.

இறுதி ஆட்டம். கடலாடி காசியிடம் ராணி இருந்தது. பெரியபட்டினம் சீனி முகமதுவுக்கு மிச்சம் ஒரே ஒரு யானை. அவன் ராஜா மூலையில் முடங்கிவிட்டது. மூவ் சீனியுடையது. அவனோ கன்னத்தில் கை வைத்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காசி எழுந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி எழுந்தான். ஜன்னலுக்கு வெளியே அவன் அப்பா.

“ஏலே, கடைசி பஸ் போயிரும்லே. அந்தப் பய வேணும்னே இழுக்குறான்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. குனிந்து கேட்டேன்: “தம்பி, ஆடப்போறியா, விட்டுக்கொடுக்கப்போறியா?”

“ஆடத்தான் போறேன் சார். கொஞ்சம் இருங்க.”

அப்படி முடிக்கச் சொன்ன தலைமையாசிரியரிடம் போனேன். “நேரத்துக்கு விதி போடலையே சார். இப்ப எப்படித் தோத்தான்னு சொல்றது?”

“அப்ப காசியோட அப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க” என்று அவர் வெளியே போய்விட்டார்.

தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. அப்போதுதான் சீனி யானையை எடுத்தான். காசியின் ராஜாவுக்கு அடுத்த கட்டத்தில் கொண்டுபோய் வைத்து, “செக்” என்றான். சும்மா கிடைத்த யானை. காசி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ராஜாவால் வெட்டிவிட்டுச் செருப்பைத் தேடினான்.

“ஸ்டேல்மேட் சார்” என்றான் சீனி.

நான் போர்டைப் பார்த்தேன். சீனியின் ராஜாவுக்குச் செக் இல்லை. நகர ஒரு கட்டமும் இல்லை. ஆட்டம் டிரா; திரும்ப ஆட வேண்டியதுதான். ராணியால் வெட்டியிருந்தால் அந்த ராஜாவுக்கு நகர இடம் கிடைத்து ஆட்டம் தொடர்ந்திருக்கும், காசி ஜெயித்திருப்பான்.

காசி திரும்பி வந்து போர்டின் முன்னால் உட்கார்ந்தான். “இதுக்குத்தான் அம்புட்டு நேரமா?”

“வேற வழியே தெரியல. நீ ராஜாவால வெட்டுவியான்னுதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

காசியின் அப்பா உள்ளே வந்து அவன் தோளைப் பிடித்தார். “ராணி வச்சிருந்துமா ஜெயிக்கல? வாலே போவோம்.”

“நீங்க போங்க அய்யா. காலைல திரும்ப ஆடிட்டு வாரேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் காசி நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஜெயித்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகள் நடத்தினேன். நேரக்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவேன். அந்த நேரத்துக்குள் ஒருவன் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், அவன் கதை முடிந்தது என்று நானாக நினைத்ததில்லை.