அமாவாசைக்கு வரும் நோய்

எங்கள் தெருவில் நோய் அமாவாசைக்குத்தான் வரும். முன்னாலேயே வந்துவிட்டால் அது காத்திருக்க வேண்டும்.

அமாவாசையன்று பட்டுத் தறியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மற்ற நாட்களில் தறியை விட்டு எழுந்தால் சேலை பாதியில் நிற்கும். ஆகவே முதுகு பிடித்தாலும் மூச்சு வாங்கினாலும், மூலை வீட்டு அக்கா, "அமாவாசை வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார். தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் பேசுகிறவர் அவர்தான். அமாவாசை விடிந்ததும் தெருவே கிளம்பி முனையிலிருக்கும் சின்ன அரசு ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். "சிஸ்டர், காக்காவுக்குச் சோறு வைக்கணும், என்னை மொதல்ல அனுப்புமா" என்று ஆளாளுக்கு அவசரம் வேறு.

அங்கே இருந்தது ஒரே ஒரு சிஸ்டர். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற எங்கள் ஒரே செவிலி. டாக்டருக்கு நாலு ஊர் பொறுப்பு என்பதால் வாரத்தில் சில நாள்தான் வருவார். மற்ற நாட்களில் அவருடைய காலி நாற்காலிக்கு மேலே மின்விசிறி மட்டும் தவறாமல் டியூட்டி பார்க்கும். சீட்டு எழுதுவதும், ஊசி போடுவதும், மாத்திரை கொடுப்பதும், சண்டையை விலக்குவதும் சிஸ்டர்தான். பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமை என்பார்களே, அந்தத் தலைச்சுமையை இரண்டு வருஷமாக அவர் இறக்கி வைக்கவில்லை. கூட இருந்த இன்னொரு சிஸ்டர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

யாரைக் குறை சொல்வது? எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் நர்ஸ் படித்தார்கள். ஒருத்தி மஸ்கட்டில், ஒருத்தி லண்டனில். முட்டி வலித்தால் அவர்களுடைய அம்மாக்கள் வீடியோ காலில் முட்டியைக் காட்டுகிறார்கள். பிறகு வந்து எங்கள் சிஸ்டரின் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு அமாவாசை மதியம் சிஸ்டர் படியில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மஸ்கட்ல வேலை ரெடியா இருக்குது அண்ணே. கூட ஒரு ஆளு குடுத்தாங்கன்னா இருக்கேன். இல்லன்னா கிளம்பிடுவேன்" என்றார்.

ஆள் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், ஆள் வேண்டுமா என்று பார்க்க மேலிருந்து ஒரு அதிகாரி ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருந்தார். அவர் வந்தது சாதாரணப் புதன்கிழமை. தெரு முழுக்கத் தறியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தது விரலை அறுத்துக்கொண்ட நானும், பெஞ்சுக்கு அடியில் தூங்கிய ஒரு நாயும். "கூட்டமே இல்லையேம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வியாழக்கிழமை வருகிறாராம்.

செய்தியைக் கேட்ட மூலை வீட்டு அக்கா அன்று மாலையே தெருவைக் கூட்டினார்.

"வியாழக்கெழம ஒருத்தரும் தறியில எறங்கக் கூடாது. அன்னிக்கு நமக்கு அமாவாசைன்னு வெச்சுக்குங்க."

"நோவு?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"நான் பிரிச்சுக் குடுக்கறேன். ஒனக்குக் கால் வலி. தம்பி, ஒனக்கு வயித்து வலி. ஒருத்தரும் காய்ச்சல்னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா. டெங்குன்னு தெருவையே மூடி மருந்து அடிச்சுடுவாங்க."

தனக்கு அவர் வெறும் தலைசுற்றலை வைத்துக்கொண்டார். நடிக்கச் சுலபமாம்.

சிஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிக் காலண்டரைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு வேலையைத் தொடங்கினார். அதிகாரியும் வந்து ஓரமாக நின்றார். எதிர்வீட்டுக்காரர் வலது காலை நொண்டிக்கொண்டு உள்ளே போனார், இடது காலை நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். நல்லவேளை, அதிகாரி அப்போது போனில் இருந்தார்.

என் முறை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் வயிற்றைத் தொடவேயில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மறுபடி அடித்தார்.

"அண்ணே, பிரஷர் இவ்ளோ இருக்குது! இப்படி ஓரமா உக்காருங்க. எழுந்துக்காதீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. ஓர பெஞ்சு நிறைய ஆரம்பித்தது. வாயைக் கட்டாதவர்கள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர்கள், வருஷக்கணக்காக அமாவாசைக்கு நோயைத் தள்ளிப்போட்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் மூலை வீட்டு அக்காவும் வந்தார், விரல் நுனியில் பஞ்சோடு.

"நான்தான்பா எல்லாருக்கும் நோவு பிரிச்சுக் குடுத்தேன். எனக்குச் சக்கரைன்னு யாருப்பா குடுத்தது?"

இதையெல்லாம் பார்த்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்மா! இவ்வளவு கூட்டத்தை ஒரே ஆளா சமாளிக்கிறீங்களே. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?"

பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். கூட்டம் இல்லாவிட்டால் ஆள் தேவையில்லை, கூட்டம் இருந்தாலும் ஆள் தேவையில்லை. இது எந்த ஊர்க் கணக்கு?

சிஸ்டர் டாக்டரின் காலி நாற்காலியைத் துடைத்தார். "சார், இன்னிக்கு டாக்டர் வர்ற நாள் இல்ல. நீங்களும் டாக்டர்தானே? இவங்களுக்கு மாத்திரை நீங்கதான் எழுதணும்" என்று அவர் பக்கம் நகர்த்தினார்.

மனிதர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எங்கள் தெரு எழவிடவில்லை. ஒவ்வொருத்தரும் பிரஷரில் ஆரம்பித்துப் பழைய சளி, பல்வலி, மருமகள் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். இந்தப் பக்கம் சீட்டு, அந்தப் பக்கம் ஊசி, நடுவில் "சார், சக்கரைக்கு மாம்பழம் ஆகுமா?" மதியம் தாண்டியும் சாப்பிடப் போக முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"தினமும் இப்படித்தானா?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

அந்த நேரத்தில் யாருக்கும் பொய் வரவில்லை. அக்காதான் சொன்னார்: "தினமும் இல்ல சார். அமாவாசைக்கு இத்தவிட ஜாஸ்தி."

அடுத்த மாதம் ஓர் இளம் சிஸ்டர் வந்தார். நிரந்தரமாக அல்ல, அமாவாசைக்கும் அதை ஒட்டிய சில நாட்களுக்கும் மட்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதிலும் ஒரு சிக்கல்: நடிக்கப் போன நாங்கள் எல்லோரும் இப்போது மாதாமாதம் மாத்திரைக்குப் போகிறோம். அமாவாசைக் கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது.

"ஒத்தாசை பண்றேன்னு வந்து எனக்கு வேலையை ஏத்திட்டீங்க" என்று எங்கள் சிஸ்டர் திட்டிக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றினார்.

நான் மெதுவாக மஸ்கட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க பிரஷர் எறங்காம எங்க போறது? அது எறங்கற வரைக்கும் இங்கதான். உப்பைக் குறைங்க, ஊறுகாயை நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே ஊறுகாய் ஜாடியை மேலே பரணில் ஏற்றினேன். சிஸ்டர் சொன்னது அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மூலை வீட்டு அக்கா வேகமாக வந்தார். கையில் ஒரு கிண்ணம் நிறைய புதிதாகப் போட்ட மாங்காய் ஊறுகாய்.

"அவசரப்பட்டு பிரஷரை ஒரேடியா எறக்கிடாதப்பா" என்றார்.