கொட்டிலில் ஓர் ஓஞ்சாலி

ஆவணக் காப்பகத்தில் எல்லோரும் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்குச்சொல் அகராதிப் பிரிவில் அவள் வேலை பார்த்தது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணத்தை, அவளிடம் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் வேலை செத்துப்போனவர்களின் சாமான்களோடு. முன்காலத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் வீட்டுக்காரர் ஒருவர் போய்ச்சேர்ந்தால், காடாற்றுவதற்குள் ஓர் எழுத்தர் வந்து நிற்பார். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கூட வருவார்கள். முன்னறையில் தொடங்கி அடுப்படி, பரண், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், களம் என்று வரிசையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. அழுகிற வீட்டில் ஓட்டைச் சட்டியைக்கூட விட்டுவைக்காத ஆட்கள். எழுதியதோ அந்தந்த ஊர்ப் பேச்சில். அந்தச் சொற்களில் பாதியை இன்றைக்கு உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. அவற்றுக்குப் பொருள் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவளிடம் ஒரு வழி இருந்தது. பட்டியலைப் படிக்க மாட்டாள், அதில் நடப்பாள். எழுத்தர் எந்த வாசலில் நுழைந்தார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்து ஒரு தாளில் வீட்டை வரைவாள். தெரிந்த பொருளையெல்லாம் அதனதன் இடத்தில் குறிப்பாள். தெரியாத சொல் எதற்கும் எதற்கும் நடுவில் கிடக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இருப்பது கலப்பையின் உறுப்பாக இருக்காது. ஆளையும் பொருளையும் இருக்கிற இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கட்சி. இந்த வழி அநேகமாக அவளைக் கைவிட்டதில்லை, அதனால் அவள் மற்ற வழிகளைத் தேடியதும் இல்லை.

ஓஞ்சாலி என்ற சொல்லையும் அப்படித்தான் பிடித்தாள். ஒரு பண்ணைக்காரர் இறந்தபோது எழுதிய பட்டியலில், கொட்டில் என்ற தலைப்புக்குக் கீழே அது இருந்தது. ‘நொண்டி எருது ஒன்று. ஓஞ்சாலி ஒன்று, வைக்கோலோடு, விலை இல்லை. அச்சு முறிந்த வண்டி ஒன்று.’ ஓய்ந்துபோனது என்பது சொல்லிலேயே தெரிகிறது. பக்கத்தில் எருது, கீழே வைக்கோல். இதற்கு மேல் என்ன வேண்டும்? அட்டையை எடுத்து எழுதினாள்: ‘ஓஞ்சாலி. உழவுக்கு உதவாத கிழட்டு எருது. விற்க முடியாதது.’ தொகுப்பாசிரியர் படித்துவிட்டு, “பிரமாதம் மேடம், இதுக்கு மறுபேச்சே கிடையாது” என்றார். அவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் பிரமாதம் என்பார். ஆனாலும் அவளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அந்த அகராதி வேலைதான் அவள் வீட்டுக்குள் எல்லாவற்றையும் இடம் மாற்றியது.

வீட்டில் அவளும் அவள் அப்பாவும் மட்டும். அப்பா மின்கம்பம் ஏறி வேலை பார்த்தவர். அத்தனை உயரத்தில் நின்றவரைப் பக்கவாதம் ஒரு பக்கமாகக் கீழே தள்ளிவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போய், பெரும்பாடு பட்டால் ஒரு சொல் இரண்டு சொல் வரும், வராமலும் போகும். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தாள். தெருவில் போகிற வருகிறவர்களை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர்க்கடைக்காரர் கதவைத் திறக்கும்போது இடது கையைத் தூக்குவார். கடைக்காரரும் தூக்குவார்.

அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கி வேலை கழுத்தைப் பிடித்தபோது, அவள் பெட்டி பெட்டியாக அட்டைகளை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். நீள மேசை போட இடமும் வெளிச்சமும் முன்னறையில்தான் இருந்தன. “கொஞ்ச நாளைக்குத்தான்பா” என்று சொல்லி, அப்பாவின் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளினாள். வாஷிங் மெஷின், காலி சிலிண்டர், கால் உடைந்த நாற்காலி, மாப்பு வாளி எல்லாம் இருக்கிற அறை. தரையில் தண்ணீர் போக ஓட்டை உண்டு, கழுவிவிட வசதி. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவுக்கும் குழாய் பக்கம். காரணத்துக்கா பஞ்சம்? அட்டைகள் குறைந்தபாடில்லை, கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று.

வேறு ஊரிலிருந்து தம்பி எப்போதாவது வருவான். அவன் வருகிறான் என்று தெரிந்தால் மேசை ஓரமாகப் போகும், கட்டில் ஜன்னலுக்கு வரும். ஆயா அப்பாவுக்கு முகம் மழித்து வெள்ளைச் சட்டை போட்டுவிடுவாள். தம்பி கிளம்பிய பிறகு எல்லாம் பழையபடி. இதை ஏமாற்று வேலை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில்லையா, அதுபோலத்தான்.

போன முறை வந்தவன் வாயைத் திறந்தான். “அக்கா, உன்னால தனியா முடியல. நல்ல முதியோர் இல்லமாப் பார்த்துச் சேர்த்துடலாம். நானே பார்த்துக்கறேன்.”

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “வேண்டாததைத் தூக்கி வெளிய போடற மாதிரி அப்பாவைப் போடச் சொல்றியா? அவர் என் வீட்டுலதான்டா இருப்பார். நான் உன்னை மாதிரி இல்ல.”

தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கட்டிலில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போன மறுநாள் பின்னறையில் அப்பா இடது கையை நீட்டி எதையோ காட்டத் தொடங்கினார். “ஐயா எதையோ கேக்கறாரும்மா, எனக்குப் புரியல” என்றாள் ஆயா. அகராதி வந்து பார்த்தாள். விரலுக்கு நேரே வாஷிங் மெஷின். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று, அவர் சாப்பிடும் நேரத்தில் மெஷினைப் போடாதே என்று ஆயாவிடம் சொன்னாள். அவர் மறுபடி காட்டினார். மெஷின் மேல் துணிபோட்டு மூடினாள். மறுபடியும் காட்டினார். “அதான் நிறுத்தியாச்சேப்பா, இன்னும் என்ன?” என்று சலித்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் அவர் காட்டுவதை நிறுத்திவிட்டார். சரியாகிவிட்டது என்று அவளும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போனாள்.

மெய்ப்புத் தாள்கள் போய்க்கொண்டிருந்த வாரத்தில், காப்பகத்தில் பிரித்துப்போடாத கட்டு ஒன்றில் அதே பண்ணையின் இன்னொரு பட்டியல் கிடைத்தது. பண்ணைக்காரருக்குப் பின் அவர் மனைவி இறந்தபோது எழுதியது. எழுத்தர் வேறு ஆள், எதையும் விடாமல் எழுதும் கை. வழக்கம்போல அவள் வாசலில் நுழைந்து, அடுப்படி கடந்து, கொட்டிலுக்கு வந்தாள்.

‘ஓஞ்சாலி ஒன்று, வைக்கோலோடு, விலை இல்லை. அதனுடைய கம்பளி ஒன்று, கிழிந்தது. அதனுடைய மரக்கரண்டி ஒன்று.’

தொகுப்பாசிரியர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “மாட்டுக்குக் கரண்டி எதுக்கு மேடம்?”

“மருந்து ஊத்தறதுக்கு சார்” என்றாள் அவள் சட்டென்று.

“கம்பளி?”

“குளிருக்கு.”

அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. அவள் படித்தாள். ‘அதனுடைய செருப்பு ஒன்று, இடது கால்.’

தாளில் வரைந்த கொட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எருதுக்கும் முறிந்த வண்டிக்கும் நடுவில் அவளே போட்ட சின்ன வட்டத்துக்குள் ஒரு கிழவர் படுத்திருந்தார். இறந்துபோன பண்ணைக்காரரின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். மகன் செத்து, மருமகளும் செத்து, இரண்டு முறையும் ஆட்கள் வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று, விலை இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்திருந்த வண்டிக்குப் போயிருக்கிறார்கள். அவரும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பார். எழுத்தர்களாவது அது மனிதர் என்று தெரிந்து எழுதினார்கள். மாடு என்று எழுதியது அவள்தான்.

“சார், ஓஞ்சாலியைத் திருத்தணும்.”

“அந்தப் பக்கம் நேத்தே அச்சுக்குப் போயிடுச்சே மேடம். கடைசில பிழைதிருத்தத்துல சேர்த்துக்கலாம், விடுங்க.”

வேறு நாளாக இருந்தால் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று பையை எடுத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னறை வாசலில் வந்து நின்றதும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவள் மனசு வேலையைத் தொடங்கிவிட்டது. மாப்பு வாளி ஒன்று. காலி சிலிண்டர் ஒன்று. கால் உடைந்த நாற்காலி ஒன்று. அதற்கடுத்த இடத்தில் அப்பா படுத்திருந்தார். கட்டிலிலிருந்து மெஷினை நோக்கி ஒரு கோடு போட்டால் அது மெஷினோடு நிற்காது, மெஷினுக்குப் பின்னால் கதவு இருக்கிறது, கதவுக்கு அப்பால் முன்னறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியவில்லை. செத்தவர்கள் வீட்டிலெல்லாம் கண்ணும் கருத்துமாக நடந்தவள், சொந்த வீட்டில் ஒரு விரலைத் தாண்டிப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியிடம் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் ஞாபகம் வந்து, உடம்பெல்லாம் கூசியது.

பிறகு முன்னறைக்குப் போய், மேசையிலிருந்த அட்டைகளை இரண்டு கையாலும் வாரித் தரையில் போட்டாள். அகர வரிசை எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டாள். மேசையை வெளியே இழுத்தாள். ஆயாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிறுத்தினார்கள். ஜன்னலை முழுசாகத் திறந்தாள். எதிர்க்கடை திறந்திருந்தது.

“அப்பா” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, பாருங்க.”

அவர் தெருவைப் பார்க்கவில்லை. மெல்ல மோவாயைத் தூக்கி, கண்ணை மூடி, முகம் மழிக்கக் காட்டுவதுபோலக் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் கண்ணைத் திறந்தார். உதடு கோணி, நீண்ட நேரம் பாடுபட்டது.

“யாரு... வர்றா?”

“யாரும் வரலப்பா” என்றாள் அவள்.

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆயா பக்கம் திரும்பி, கட்டிலைத் தள்ளச் சொல்லி இடது கையை ஆட்டினார்.

“அப்ப... உள்ள போலாம்” என்றார்.