குடிக்காமலே ரிஜெக்ட் செய்த ஒயின்

போன வாரம் கப்பலில் ஒரு விருந்து. நீச்சல்குளம், தியேட்டர் எல்லாம் உள்ள சொகுசுக் கப்பல். எங்களிடம் டீ-ஷர்ட் வாங்கும் ஹெலன் மேடம், தனக்குத் தைத்துக் கொடுப்பவர்களைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, குடும்பத்தோடு ஏற்றிவிட்டார்.

அழைப்பிதழில் ஒரு வரி: 'ஒவ்வொரு உணவுக்கும் பொருத்தமான ஒயின் பரிமாறப்படும்.'

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. கொள்கை எல்லாம் இல்லை... வாசனை பட்டாலே குமட்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் நூல் வியாபாரி ரஃபீக் பாயிடம் யோசனை கேட்டேன். அவரும் குடிக்காதவர், ஊர் ஊராகச் சுற்றுகிறவர்.

"பாய், இந்த மாதிரி விருந்துல நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"குடிக்க மாட்டேன்னு சொல்லிப்போடுவனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சோறு திம்பனுங்க."

இவ்வளவு சுலபமான யோசனையை யார் கேட்பது? மேடம் முகம் சுளித்துவிட்டால்? அருள்புரத்தில் இருக்கும் என் தையல் யூனிட்டின் மூச்சே அவர் கையில். குளிர்கால ஆர்டருக்கு ஒரு மெரூன் கலர் கேட்டிருந்தார். சின்னத் துணித்துண்டில் சாயம் போட்டு அனுப்புவோம். அவர் ஓகே சொன்னால்தான் மொத்தத் துணிக்கும் சாயம். அனுப்பினேன்—'கொஞ்சம் டார்க்.' மறுபடி அனுப்பினேன்—'இன்னமும் கொஞ்சம் டார்க்.' கடைசித் துண்டுக்குப் பதிலே இல்லை. தையல் மெஷின்கள் உறை போட்டுத் தூங்குகின்றன. இந்த லட்சணத்தில், நீங்கள் கொடுக்கும் ஒயின் வேண்டாம் என்று நான் சொல்வதா?

விருந்தில் மேடத்துக்கு எதிரிலேயே எங்களுக்கு இடம். சூப் வந்தது; அதற்கு மட்டும் ஒயின் ஜோடி கிடையாதாம். பிழைத்தேன். அடுத்தது ஆட்டுக்கறி. அதற்குச் சிவப்பு ஒயின்தான் பொருந்துமாம். நம் ஊரில் பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

கருப்புக் கோட்டு போட்ட பரிமாறுபவர் பாட்டிலோடு வந்தார். "இன்றைக்கு நீங்கள்தான் ருசி பார்க்க வேண்டும்" என்று மேடம் என்னைக் கைகாட்டிவிட்டார். முதலில் ஒருவருக்குத் துளி ஊற்றுவார்கள். அவர் ஓகே சொன்னால்தான் மற்றவர்களுக்கு. அதுதான் வழக்கமாம்.

அதாவது... சாம்பிள் அப்ரூவல்!

காலமெல்லாம் சாம்பிள் கொடுத்தே பழகியவன் கையில் முதல் முறையாக ஒரு சாம்பிள். பயத்தில் மூளை நின்றது. கை மட்டும் தொழிலைப் பார்த்தது. கிளாஸை வெள்ளை மேஜைவிரிப்புக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். செல்போன் டார்ச்சை அடித்தேன். வாய் தானாகச் சொன்னது:

"கொஞ்சம் டார்க்."

அவர் பணிவாகக் குனிந்து, எடுத்துப் போய், வேறு பாட்டில் கொண்டுவந்தார். மறுபடியும் டார்ச்.

"இன்னமும் கொஞ்சம் டார்க்."

பக்கத்தில் என் மனைவி சாந்தாமணி கிசுகிசுத்தாள். "ஏனுங்க, வாயிலயே வெக்காம எப்புடீங்க வேண்டாங்கறீங்க?"

"பேசாம இரு. சமாளிச்சுட்டிருக்கறேன்."

"அந்த மனுசன் மூஞ்சியப் பாருங்க. சாயம் ரிஜெக்ட் ஆனா நம்ம டையிங் மாஸ்டர் நிக்கற மாதிரியே நிக்கறாரு."

மேடம் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

இதே கேள்வியை அவரிடம் கேட்கத்தான் எத்தனை வருடமாகத் துடிக்கிறேன்! நான் டார்ச்சை அணைத்தேன். சாந்தாமணி முந்திக்கொண்டாள்.

"மேடம், ஹீ நோ டிரிங்க். ஹீ ஃபியர்!"

கப்பலோடு மூழ்கத் தயாரானேன். மேடமோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "டார்க் என்று சொன்னபோது என் குரலே கேட்ட மாதிரி இருந்தது! குடிக்க மாட்டேன் என்று சொன்னால் போதாதா? பாவம், அந்த மனிதர்." பிறகு, "உங்கள் மெரூன் ஓகே என்று நேற்றே மெயில் போட்டேனே... பார்க்கவில்லையா?"

எங்கே பார்ப்பது? கப்பலில் இன்டர்நெட்டுக்குத் தனிக் கட்டணம் என்றதும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்த 'வேண்டாம்' மட்டும் எவ்வளவு தைரியமாக வந்தது!

ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள்... கப்பலே லேசாக அசைந்திருக்கும்.

எனக்கு எலுமிச்சை ஜூஸ் வந்தது. கோட்டுக்காரர் அதையும் துளி ஊற்றிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குடித்தேன். சர்க்கரைக்குப் பதிலாக உப்பு!

"ஓகே" என்றேன். அப்படி ஒரு முகம் எதிரில் நிற்கும்போது, உப்பைப் பற்றி எவனாவது பேசுவானா?