பதினெட்டு சதவீதத்தில் ஒரு பிரசவம்

நான் மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்றதும் என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எட்டு வருஷத்துல பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவ?"

பாபநாசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். தினமும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுவேன். சம்பாதிப்பதில் பாதி பெட்ரோலுக்குப் போகிறதே என்றேன். நான் வாங்கிவிட்டேன்.

ராத்திரி ப்ளக்கை மாட்டினால் காலையில் வண்டி தயார். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது. ஆனால் கனமான வண்டி, டயர் சீக்கிரம் தேய்ந்தது. இன்சூரன்சும் கூடுதல். அறுவடை முடிந்து வயலைவிட்டுக் கிளம்பிய எலிகள் ஒருமுறை ஒயரைக் கடித்து வைத்தன. பேட்டரியைப் பொறுத்தவரை, ஐந்தாம் வருடம் சோதித்தபோது கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மேற்கொண்டு எனக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது மூன்றாம் வருட ஐப்பசியைப் பற்றி. மழையில் எங்கள் தெருவில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. காலையில் போன் வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு பசுவுக்குத் தலைப்பிரசவம். கன்றின் கால் மட்டும் வெளியே தெரிகிறதாம்.

வண்டியில் பதினெட்டு சதவீதம் இருந்தது.

"போறதுக்குப் போதும். திரும்பி வர?" என்றார் கணவர்.

"கன்னு வெளிய வரட்டும். அப்பறம் யோசிக்கலாம்."

ஏசி போடாமல், கண்ணாடியில் படியும் ஆவியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். கன்றின் தலை பின்னால் திரும்பியிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு மணி நேரமானது. கிடாரிக்கன்று. பசுவின் சொந்தக்காரம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

வண்டியில் ஐந்து சதவீதம்தான் மிச்சம். அந்த ஊருக்கு வேறு லைன், கரண்ட் இருந்தது.

"மோட்டார் கொட்டாயில மாட்டுங்க டாக்டரம்மா. அங்க கரண்டு இலவசம்," என்றார் அந்த அம்மா.

"அது வயலுக்குக் குடுத்ததுங்க. காருக்கு எடுத்தா தப்பு."

"அப்ப வீட்டுலயே மாட்டுங்க. பில்லு நான் கட்டுறது, யாரும் கேக்க முடியாது."

சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் லீவில் வரும்போது மட்டும் ஓடும் ஏசி ஒன்று இருந்தது; கார் சார்ஜைத் தாங்கும் பெரிய பாயிண்ட் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு என் கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி பரவிவிட்டது. நொண்டும் ஆடு வந்தது, தீனி எடுக்காத எருமை வந்தது, கழிச்சல் கண்ட குட்டிகளை ஒருவர் கூடையில் கொண்டுவந்தார். நடுவில் கருவாட்டுக் குழம்பும் சோறும். கணவர் போன் செய்தார்.

"எங்க நிக்கிற?"

"ஒருத்தங்க பெட்ரூம் ஜன்னலுக்கு வெளிய."

அவர் சிரித்து அடங்க நேரமானது.

சாயங்காலம் கரண்டுக்குப் பணம் நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. அதோடு ஒரு வாழைத்தாரையும் டிக்கியில் ஏற்றிவிட்டார். இப்போது மாதம் ஒருமுறை அந்த ஊருக்குப் போகிறேன். பேட்டரி நிறைந்திருந்தாலும் அவர் கேபிளைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுவார். அப்போதுதான் மதியச் சாப்பாடு வரை நான் கிளம்ப மாட்டேனாம்.