காதைப் பொத்திக்கொண்டவன்

எங்கள் குவார்ட்டர்ஸில் காலிங் பெல் உண்டு, ஆனால் அடிக்காது. அப்பாவே ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். மைன்ஸில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிற மனிதருக்கு அதைவிடப் பெரிய விரோதி யார்? வாசல் கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘நைட் ஷிஃப்ட். கதவைத் தட்ட வேண்டாம்.’ ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். எதற்கு வம்பு என்று அம்மா அட்டையை மட்டும் கழற்றவே மாட்டாள். அதனால் எனக்கு எல்லா வாரமும் நைட் ஷிஃப்ட்தான்.

வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. பேசுவதென்றால் குசுகுசுவென்று பேச வேண்டும். அது அப்படியே பழகிப்போய், பள்ளிக்கூடத்திலும் எனக்குக் குரல் எழும்பாது. ‘வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?’ என்று டீச்சர் கேட்பார். விளையாடக் கூப்பிட்ட பிள்ளைகளும் இவள் பேசுவதே கேட்கவில்லையே என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலங்களில் பின்வாசல் படியில் உட்கார்ந்து எறும்போடு பேசிக்கொண்டிருப்பேன். எறும்புக்குக் குசுகுசு போதும்.

அப்போதுதான் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தாரக்குப்பத்தில் செக்யூரிட்டி கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒருவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவர் மனசு வைத்தால் மாமாவுக்கு மைன்ஸ் கேட்டில் காவல் வேலை கிடைக்கும், கிடைத்தால் எங்கள் வீட்டிலேயே தங்குவார். இதைக் கேட்டதும் நான் பிள்ளையாருக்கு இருபத்தொரு தோப்புக்கரணம் வேண்டிக்கொண்டேன். பேச ஓர் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறதே!

வந்ததும் வராததுமாக டிரங்குப் பெட்டியைத் திறந்து ஓர் அட்டைப் பெட்டியை என்னிடம் நீட்டினார். பிரியும்போது படையில் கூட இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்ததாம். “இந்தப் பொடி வேலையெல்லாம் நமக்கு ஆவாது பாப்பா. நீயே வச்சிக்கினு வெளாடு!” என்று அவர் சொன்ன சத்தத்தில் உள்ளறையில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அன்றோடு சரி. மாமா வாயை மூடிக்கொண்டார்.

பெட்டிக்குள் பழைய உலகப் போரில் சுட்ட ஒரு பீரங்கியின் பொம்மை, துண்டு துண்டாக இருந்தது. எல்லாம் ரெசின் என்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பிசினில் வார்த்தவை, தயிர் நிறம். சக்கரம், குழாய், கவசத்தகடு, கூடவே கட்டைவிரல் உயரத்தில் ஆறு சிப்பாய்கள். சேர்த்து முடித்தால் இரண்டு கையில் அடங்கும். செய்முறைத் தாளில் வெறும் படங்கள்தான். முதல் நாள் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லிப் படம் போட்டிருந்தது. பாத்திரம் தேய்க்கச் சலித்துக்கொள்ளும் நான் அவற்றைக் குளிப்பாட்டியே துடைத்தேன். ஒவ்வொரு துண்டோடும் வார்ப்பின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்பாவின் உடைந்த ரம்பத் தகட்டால் அறுத்து, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற சத்தம் உள்ளே கேட்காமலிருக்கப் பின்வாசலைச் சாத்திக்கொள்வேன். குழாய் கொஞ்சம் வளைந்திருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்ததும் வெண்டைக்காய் மாதிரி வளைந்து கொடுத்தது, நிமிர்த்திப் பச்சைத் தண்ணீரில் போட்டதும் விறைத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையை யாரிடம் காட்டுவது? மாமா முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். “மாமா” என்பேன், திரும்ப மாட்டார். “மாமா, சக்கரம் எந்தப் பக்கம் வரும்?” அதற்கும் பதில் கிடையாது. ஆனால் மைன்ஸில் வெடி வைத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் மட்டும் சட்டென்று தலை நிமிர்வார். வெடிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை! ஒருநாள் பசை தடவி ஒட்டிய சக்கரத்தோடு நேரெதிரே போய், “போர்ல யாரையாச்சும் சுட்டிருக்கீங்களா மாமா?” என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இன்னும் காயலியா? வெயில்ல வையி” என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

ஆறு சிப்பாய்களில் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். மற்ற ஐந்து பேர் வேலை பார்க்க, இவனுக்கு மட்டும் என்ன பயம்? பயந்தாங்கொள்ளி என்று அவனைத் தனியாக ஒதுக்கி அலமாரி மூலையில் நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் பீரங்கியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். மறுபடி ஒதுக்கினேன், மறுபடி வந்துவிட்டான். மாமாதான் நகர்த்துகிறார் என்று தெரிந்தது. பேச மட்டும் மாட்டார், என் விளையாட்டைக் கலைக்க மட்டும் வருவாராக்கும் என்று எனக்கு ஆத்திரம்.

பச்சை வர்ணம் பூசி மதில்மேல் காய வைத்தேன். சாயங்காலத்துக்குள் நம்மூர் சாம்பலும் கரித்தூளும் படிந்து, பீரங்கி நிஜமாகவே சண்டைக்குப் போய் வந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கான்ட்ராக்ட்காரர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு நேரெதிரே, வெளிச்சத்தில் மாமாவை உட்கார வைத்தாள். கேட்டதற்கெல்லாம் அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“அட, ஜோரா இருக்கே! மாமா செஞ்சு குடுத்தாராம்மா?”

இவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. “நான்தான் செஞ்சேன் அங்கிள். மாமா எங்கூடப் பேசவே மாட்டாரு. பின்னாடி நின்னுகினு பத்து தடவ கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு. நீங்க கேளுங்க அங்கிள்.”

அங்கிள் கேட்டால் மாமாவுக்குப் புத்தி வரும், நாளையிலிருந்து என்னோடு பேசுவார். அவ்வளவுதான் என் கணக்கு. அம்மாவின் கையில் காபி தம்ளர் அப்படியே நின்றது. அங்கிள் சிரித்துக்கொண்டே எழுந்தார். வழியனுப்ப மாமா முன்னால் வாசலுக்குப் போக, பின்னாலிருந்து அங்கிள் சாதாரணக் குரலில், “சார், உங்க கர்சீப் விழுந்துடுச்சு பாருங்க” என்றார். மாமா நடந்துகொண்டே இருந்தார்.

“பாத்தீங்களா!” என்று நான் குதித்தேன்.

அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. அம்மா அடுக்களையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வெங்காயம் என்றாள். நாலு நாளில் மாமா டிரங்குப் பெட்டியைக் கட்டினார். நான் சாமியை நன்றாகக் கோபித்துக்கொண்டேன். வேலையைக் கெடுத்தது சாமி என்று நினைத்திருந்தேன்.

இருபது வருஷப் பீரங்கிச் சத்தத்தில் மாமாவின் காது போய்விட்டதையும், இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் கொஞ்சம் மிச்சம் என்பதையும், அது தெரிந்தால் வேலை கிடைக்காது என்று மூன்று பெரியவர்களும் சேர்ந்து மறைத்ததையும் அம்மா சொன்னபோது நான் காலேஜ் முடித்திருந்தேன். குழந்தையிடம் சொன்னால் வெளியே உளறிவிடுவாள் என்று பயந்தார்களாம். மாமா அதன்பிறகு பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கிடங்கில் மூட்டை தூக்கினார்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, வலது காதைத் தொட்டுக் காட்டி, “இங்க சொல்லு பாப்பா” என்றார். ரகசியம் கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். காதோடு வாயை வைத்து, எனக்குத் தெரிந்த ஒரே குரலில், “போவாதீங்க மாமா” என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். பெரிதாகத் தலையாட்டினார். “ஆமாம்மா, நல்லாக் காஞ்சிடுச்சி” என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வாசலில் அட்டை தொங்கியது. அப்புறம் சத்தம் வராமல் சிரித்தேன்.