ஊதுவதற்கு முன் ஒரு மூச்சு

மூன்று நீலப் பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் டப்பா, அதிலிருந்து ஒரு குழாய். பேண்ட் மாஸ்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் பூரிபோல உப்ப, கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். பந்துகள் மூன்றும் உச்சியில் நின்று ஆடின. பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். இப்போது நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அன்றைக்குப் பெரிய டாக்டரோடு வார்டுக்குள் நுழைந்தவள், அதைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் வேலை பார்த்த பெங்களூர் மருத்துவமனையில், நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு நர்ஸ் வேண்டும் என்று பெரிய டாக்டர் அடம்பிடித்து என்னைப் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "அப்படி என்னம்மா தனி வேலை உனக்கு?" என்று மற்ற நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். என்ன வேலைதான் இல்லை? ஸ்கேனில் இருப்பதை வீட்டில் பேசுகிற மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். தலையணை உறைக்குள் பதுங்கியிருக்கும் பீடிக்கட்டைத் துழாவிப் பிடிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் மூச்சைத் தேற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அந்தப் பந்து டப்பா.

மாஸ்டர் பெங்களூரிலேயே அடுகோடிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாகக் கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் வாசித்தவர். ஊர்வலம் முடிந்தால் பீடி. வலது நுரையீரலின் மேல்பக்கம் கட்டி. நல்லவேளையாக எங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். ஆனால் மூச்சுப் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக வந்திருந்தது. பத்து நாள் பயிற்சி கொடு, மூச்சு தேறினால் ஆபரேஷன், இல்லையென்றால் கத்தியே வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மாஸ்டருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

முதல் நாளே சொன்னேன், குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை ஏற்ற வேண்டும், ஊதக் கூடாது என்று. "முப்பது வருசமா மூச்சுலதான் சோறு துன்றேன், எனக்கே மூச்சு வுட கத்துக்குடுக்கறீங்களா சிஸ்டர்?" என்றார். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. இவருக்கா தெரியாது என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மாஸ்டரின் மனைவி தினமும் மூன்று பந்து, மூன்று பந்து என்று சொல்லுவார். நானும் பெருமையாகக் குறித்துக்கொள்வேன். நின்று ஒருமுறை பார்த்தேனா? இல்லை. ஐந்து நாள் அப்படியே ஓடிப்போனது.

டாக்டர் டப்பாவை வாங்கி, நிமிர்த்தி, அவர் கையில் கொடுத்தார். மாஸ்டர் இழுத்தார். ஒரு பந்து துள்ளி விழுந்தது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. "ஏனு சிஸ்டர் இது?" என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார் டாக்டர்.

"நேரா வச்சா ஏற மாட்டேங்குது டாக்டர். திருப்பிப் புடிச்சி ஊதுனா ஜம்முன்னு ஏறுது. அதான்..." என்றார் மாஸ்டரின் மனைவி, ஏதோ நல்லது செய்த மாதிரி.

டாக்டர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை பார்க்கிறேன்" என்று போய்விட்டார். நடுவில் நாலே நாள். வீணாய்ப் போன ஐந்து நாளும் என் தப்பு. அவருக்கு ஆபரேஷன் இல்லையென்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தக் கட்டிலுக்குப் போவேன் என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இழுங்கள் என்றால் அரை மூச்சு இழுப்பார், உடனே ஊதிவிடுவார். உடம்பு அப்படிப் பழகிவிட்டது. இருபது தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. "வுடுங்க சிஸ்டர், சும்னே எதுக்கு உங்களுக்கும் கஷ்டம்" என்று கன்னடம் கலந்து சொல்லி டப்பாவைத் தள்ளி வைத்தார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமே வந்துவிட்டது.

"சரி மாஸ்டர், அது கெடக்கட்டும். மாப்பிள்ளை கார்ல ஏறிட்டாரு. பாட்டை எப்படி ஆரம்பிப்பீங்க? வெறுங்கையில காட்டுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லாத டிரம்பெட்டின் மேல் விரல்கள் போய் உட்கார்ந்தன. தோள் தாழ்ந்தது, வயிறு விரிந்தது, வாயோரமாக ஒரு நீள மூச்சு உள்ளே போனது.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா சிஸ்டர், இன்னும் ஊதவே இல்லியே?"

"ஊதவே வேணாம் மாஸ்டர். இவ்வளவுதான் வேணும்."

குழாயை வாயில் வைத்து மறுபடியும் அதையே செய்தார். இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது லேசாகத் துடித்தது. அதன்பிறகு வார்டே கல்யாண மண்டபம்தான். மணிக்கொரு தரம் எதிர்க்கட்டில் தாத்தா "மாப்ள ரெடி மாஸ்டர்!" என்று குரல் கொடுப்பார், மாஸ்டர் இழுப்பார். "பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் வரல, புடி, புடி" என்று அவர் மனைவி மூச்சை அடக்கி வைக்கச் சொல்லுவார். சிரிப்பு வந்து மூச்சு உடைந்துவிட்டால் அந்தத் தடவை கணக்கில் சேராது.

திங்கட்கிழமை மூன்று பந்தும் ஏறின, டப்பா நேராக இருந்தபடியே. மூச்சுப் பரிசோதனையும் மறுபடி செய்தார்கள். முன்னைக்கு இப்போது தேவலை என்று வந்தது. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். என்னைப் பார்த்து, "இனிமேல் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லு" என்றார். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நோயாளிக்கு போனில் வீடியோ அனுப்பிவிட்டோம் மேடம் என்பார்கள். போய்ப் பக்கத்தில் உட்காரு, செய்யச் சொல்லிப் பாரு என்று விரட்டுவேன். இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது மாஸ்டர் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டில் வந்தார். கையில் டிரம்பெட். கொஞ்சமாக வாசிக்கலாம் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் டிரம்பெட்டைத் தூக்கினார். தோள் தாழ்ந்தது, வயிறு விரிந்தது. உள்ளே போன அந்த மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறம் அவர் என்ன பாட்டு வாசித்தார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.