கீறாம விட்ட அம்புக்குறி

நேசண்ண... நீ கீறாம விட்ட ஒரு அம்புக்குறியால போன செவ்வாய் நான் பயந்து செத்தன்!

வாசிக்கிற உங்களுக்கு விளங்கச் சொல்றன். நான் எட்டாம் வகுப்போட நிண்டவள். அண்ணன்தான் களுவாஞ்சிக்குடியில கம்பியூட்டர் கடை போட்டு, ஆக்களுக்குக் கடிதம் டைப் பண்ணிக் குடுத்தவன். கடைக்கெண்டு ஒரு புரோகிராமும் எழுதினான். முதல்ல கலண்டர்ப் பின்பக்கத்தில வட்டம் வட்டமாக் கீறினான். வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி.

"இஞ்ச பார் புள்ள. 'கடையில' ஒரு வட்டம். 'வெளிய' ஒரு வட்டம். நான் எதில நிக்கிறனோ அதுக்குரிய பட்டன் மட்டும் ஸ்கிரீன்ல தெளியும். மத்ததெல்லாம் சாம்பல்."

"நீ வெளிய நிக்கக்குள்ள பிரிண்ட் ஏன் சாம்பல்?"

"நீ பிரிண்டர உடைக்காம இருக்கத்தான்!"

வெளிய போற பட்டனுக்கு 'போறன்' எண்டு பேர் வெச்சான். அம்மா கண்டுட்டா.

"வாயக் கழுவு மனே! வீட்டால வெளிக்கிடக்குள்ள ஆரும் போறன் எண்டு சொல்லுவாங்களா?"

உடன 'போயிட்டு வாறன்' எண்டு மாத்தினான். 'வெளிய' வட்டத்தில இருந்து அம்பும் ஒண்டே ஒண்டு — 'வந்துட்டன்'.

வராம விட்டா? அதுக்கு அம்பு இல்ல. அம்மாவுக்கு முன்னால அத ஆர் கீறுவாங்க?

நாலு மாசத்துக்கு முன்ன அந்தப் பட்டன அமத்திட்டு, டவுனுக்கு மை வாங்கப் போனான். நாவற்குடாவுக்குக் கிட்ட, ஆமி செக்பொயின்டில பஸ்ஸால இறங்கினதக் கண்டவங்க இருக்காங்க. மறுகா ஆரும் காணல்ல.

கரண்ட் போய்ப் போய் வந்துது. ஒவ்வொரு தரமும் ஸ்கிரீன் அதே 'வெளிய'யிலதான் முழிச்சுது. எல்லாம் சாம்பல். ஒரு பட்டன் மட்டும் பளிச்செண்டு... 'வந்துட்டன்'.

போன செவ்வாய் செட்டிபாளையத்துப் பூமணியக்கா வந்தா. அவட மகனையும் காணல்ல. அவனத் தேடித் தரச் சொல்லி அண்ணன் டைப் பண்ணி வெச்ச கடிதம் கம்பியூட்டருக்குள்ள கிடக்கு. விடிஞ்சா கந்தோரில குடுக்கணுமாம். 'வந்துட்டன்' அமத்தினாத்தான் பிரிண்ட் தெளியும்.

"அமத்து புள்ள, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அமத்தாதடி!" அம்மா கத்தினா. "அவன் வந்துதான் அமத்தணும்!"

ஒரு தாய் அழுறா, ஒரு தாய் கத்துறா... நான் என்ன செய்ய? அமத்திட்டன்.

ஸ்கிரீன்ல எழுத்து வந்துது. 'வா மனே, சோறு திண்டியா?'

அம்மா எப்பவும் கேக்கிறத அவன் பகிடிக்குப் போட்டு வெச்சிருக்கான். அம்மா எழுத்துக்கூட்டி வாசிச்சா. வாசலத் திரும்பிப் பார்த்தா. நானும் பார்த்தன். ஆரும் இல்ல. பிரிண்டர் மட்டும் தன்பாட்டில இரைஞ்சுது. தெளிஞ்ச பிரிண்ட அமத்தி, பூமணியக்காட கடிதத்த எடுத்துக் குடுத்தன்.

இப்ப ஸ்கிரீன் சொல்லுது, அண்ணன் கடையில எண்டு. கரண்ட் போய் வந்தாலும் அதையேதான் சொல்லுது. அம்மா மத்தியானத்தில அவன்ட கதிரைக்கு முன்னால சோறு வைக்கிறா. திருப்பி மாத்தணும் எண்டா 'போயிட்டு வாறன்' அமத்தணும். கை வரல்ல. இன்னொருக்கா நானே அவன வெளிய அனுப்பவா?

கம்பியூட்டருக்கு ஒரு நேரத்தில ஒரு வட்டம் போதும். ஆளக் காணாத வீடு ரெண்டிலயும் நிக்குது.

கோயிலோ, சேர்ச்சோ, பள்ளியோ... நீங்க போற இடத்தில நேசன் எண்டு பேர் சொல்லிக் கும்பிடுங்க. பூமணியக்காட மகனுக்கும் சேர்த்து. அவன்ட பேர் சுதன்.